முன்பாரமா, பின்பாரமா?

மீளக்குடியேறும் குடும்பங்கள் கூரைத்தகடு, விதைநெல், நீர்ப்பம்பி எல்லாவற்றையும் டீசல் செலவுக்கு அஞ்சி ஒரே நடையில் ஏற்றுவதை நாம் காண்கிறோம். பிக்கப் வாகனத்தில் பெட்டி கொழுவி இழுப்போர் சிலவற்றைக் கவனித்தல் நன்று.

பின்பாரம் கூடினால் நுகம் மேலெழும்பும் என்பது மாட்டுவண்டி ஓட்டிய நம்மவர் அறிந்ததே. இங்கும் அப்படித்தான். கொழுவி மேலே உந்தப்பட, பிக்கப்பின் பின்சில்லுகள் பிடிமானம் இழக்கும். பெட்டி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். வேகம் கூட ஆட்டமும் கூடும். ஆகவே பாரமான பொருட்களை அச்சுக்குச் சற்று முன்னே, தாழ்வாக அடுக்கி இறுகக் கட்டுங்கள். பெட்டியும் சாமானும் சேர்ந்து 1000 கிலோ என்றால், 100 முதல் 150 கிலோ கொழுவியில் தங்குவது அளவானது.

கொழுவியைப் பூட்டியபின் பாதுகாப்புச் சங்கிலியும் மாட்டுங்கள். பெட்டி ஆடினால் பிறேக்கைச் சடுதியாக மிதியாது, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து மெல்ல வேகத்தைக் குறையுங்கள். இறக்கத்தில் சிறிய கியரிலேயே இறங்குங்கள். வேகம் இருமடங்கானால், பிறேக் பிடித்தபின் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்பதை மறவாதீர்கள்.

பாரத்தின்மேல் பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம். மிஞ்சிய சாமானை இரண்டாம் நடையில் எடுக்கலாம். வழியில் இழந்த பிள்ளையை எந்த நடையிலும் எடுக்க முடியாது.