எகத்தாளமானி

ஹைதராபாத்தின் தார்நாகாவில் பேருந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால், ஏறுகிறவர் நடத்துநரிடம் "என்னண்ணா, இன்னைக்கு இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்பார். தெலுங்கில் தொடங்கும் கேள்வி தக்னி உருதுவில் முடியும். நடத்துநர் சிரிப்பார், அல்லது முறைப்பார். கணினியிடம் இதே வாக்கியத்தைக் கொடுத்தால், போக்குவரத்துத் துறைக்குப் பாராட்டு என்று குறித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

2014 ஜூனில் அமெரிக்காவின் சீக்ரெட் சர்வீஸ், சமூக ஊடகப் பதிவுகளில் நக்கலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வேண்டுமென்று அறிவித்தது. அது அப்போதே பழசாகிவிட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-இலும் ஓட வேண்டுமாம். உலகம் சிரித்தது. நான்கே ஆண்டுகளில் நம் ஊரிலும் ஒப்பந்தப்புள்ளி வந்தது. 2018 ஏப்ரலில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்காகப் பொதுத்துறை நிறுவனமான பெசில் கோரியது அது. மக்கள் இணையத்தில் எழுதுவதைத் திரட்டி, தொனி சாதகமா பாதகமா என்று பிரித்துத் தர வேண்டும். இது கண்காணிப்பு அரசை உருவாக்குவதுபோல் ஆகாதா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. ஆகஸ்டில் அரசு திட்டத்தைத் திரும்பப் பெற்றது. திட்டம்தான் போயிற்று, ஆசை போகவில்லை.

சாதகம், பாதகம் என்ற இரண்டு பெட்டி நமக்கு எங்கே போதும்? தொண்டைமானின் பளபளக்கும் படைக்கலங்களை ஔவையார் புகழ்வதுபோல் இகழ்ந்த புறநானூற்றுப் பாட்டு எந்தப் பெட்டியில் விழும்?

இந்த மென்பொருள்களில் பல பாடம் கற்ற விதம் வேடிக்கையானது. எழுதியவரே 'சர்காசம்' என்று ஹேஷ்டேக் போட்ட கீச்சுகளை ஆய்வாளர்கள் அள்ளியெடுத்து, இதுதான் நக்கல் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சீட்டு ஒட்டிக்கொண்டு வருவதா நக்கல்? தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்தெழுதும் பதிவுகளில் எள்ளலைக் கண்டறிய 2023-இல் ஆய்வுப் போட்டியே நடந்தது. ஆய்வு நடக்கட்டும், தப்பில்லை. அதன் விடை காவல் நிலைய மேசைக்குப் போகும்போதுதான் கவலை. நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் கருவி என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு லட்சம் பதிவுகளைப் படித்தால், பத்தாயிரத்தைத் தப்பாகப் படித்திருக்கும்.

மனிதர்களே தப்பாகப் படித்த கதை மதுரைப் பக்கம் இருக்கிறது. ஓர் அரசியல் கட்சி நிர்வாகி குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போனார். துப்பாக்கிப் பயிற்சிக்காகப் பயணம் என்று கேலியாக எழுதிப் படங்களை ஃபேஸ்புக்கில் போட்டார். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்த்ததாக, இந்திய தண்டனைச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு உட்பட, வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் பதிந்தது. படத்தில் ஆயுதமே இல்லை. நல்லவேளை, அவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழக்கை ரத்து செய்தார். வேடிக்கையாகப் பேசும் உரிமை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவிலேயே கிடக்கிறது என்பது தீர்ப்பின் சாரம்.

அங்கே தப்பாகப் படித்தவர் ஓர் அதிகாரி. 'ஏன் அப்படிப் படித்தீர்கள்' என்று அவரை நிறுத்திக் கேட்க முடியும். நாளைக்கு அதே அதிகாரி, 'கணினி சொல்லிற்று' என்பார். கணினியைக் கூண்டில் ஏற்ற முடியாது.

தெலங்கானாவில் இப்போதைக்கு ஒரு தடுப்பு உண்டு. அரசியல் பதிவுகளுக்காக இயந்திரகதியில் வழக்குப் பதியவோ கைது செய்யவோ கூடாது, முதலில் விசாரியுங்கள் என்று மாநில உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் வழிகாட்டு நெறிகள் தந்தது. தார்நாகாவில் இருக்கிறவர்கள் அதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் தீர்ப்பு காவல் நிலையத்துக்குப் போய்ச் சேரும் வேகம் நமக்குத் தெரிந்ததுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. அந்தப் பிரிவில் இனி யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று அதே நீதிமன்றம் 2022 அக்டோபரில் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.