நாய்வேளை

நாய்வேளை அல்லது நாய்க்கடுகு (கிளியோம் விஸ்கோசா) என்பது மஞ்சள் நிறப் பூக்களையும் பிசுபிசுப்பான தண்டினையும் உடைய ஓராண்டுத் தாவரம் ஆகும். வெப்பமண்டல நாடுகளில் களையாகப் பரவியுள்ள இச்செடி, தூத்துக்குடிக் கடற்கரைப் பகுதி உட்படத் தமிழகம் முழுவதும் காணப்படுகின்றது.

பெயர்

இச்செடிக்கு 1753 இல் லின்னேயசு அறிவியல் பெயரிட்டார். 'விஸ்கோசா' என்னும் இலத்தீன் சொல் 'ஒட்டும் தன்மையுடைய' எனப் பொருள்படும். நடுநிலக்கடல் பகுதியில் வளரும் டிட்ரிக்கியா விஸ்கோசாவும் ஒட்டும் தன்மையும் மஞ்சள் பூக்களும் கொண்டதே. எனினும் அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுத் தாவரம். இரண்டிற்கும் நெருங்கிய உறவு இல்லை.

தோற்றம்

செடி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வரை வளரும். இலை மூன்று முதல் ஐந்து சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். பூவில் நான்கு இதழ்கள் உள்ளன. தண்டு, இலை, காய் ஆகியவற்றின் மேலுள்ள சுரப்பி மயிர்கள் கடும் மணமுள்ள பசையைச் சுரக்கின்றன. இதில் சிறு பூச்சிகள் ஒட்டிக்கொள்வதுண்டு. நீண்டு மெலிந்த காய்கள் முற்றி வெடித்துக் கரும்பழுப்பு நிற விதைகளை உதிர்க்கின்றன.

வாழிடம்

சாலையோரம், தரிசு நிலம், மணற்பாங்கான இடங்கள் ஆகியவற்றில் வளரும். தூத்துக்குடி மாவட்டம் பெருமளவு மழையை வடகிழக்குப் பருவக்காற்றினால் (அக்டோபர் - டிசம்பர்) பெறுகின்றது. மழைக்குப் பின் முளைக்கும் செடிகள், நிலம் காய்வதற்குள் பூத்துக் காய்த்து மடிகின்றன. வறண்ட மாதங்களை விதைகளே கடக்கின்றன.

பயன்கள்

விதைகள் கடுகிற்கு மாற்றாகத் தாளிக்கப் பயன்படுகின்றன. கடுகுக் குடும்பமும் நாய்வேளையின் குடும்பமும் நெருங்கிய உறவுடையவை. இரண்டிலும் உள்ள குளுக்கோசினோலேட்டு என்னும் கந்தகச் சேர்மங்கள், நசுக்கும்போது சிதைந்து காரத்தைத் தருகின்றன. நாட்டு மருத்துவத்தில் விதை குடற்புழு நீக்கியாகப் பயன்படுகின்றது.

இனங்காணலும் எச்சரிக்கையும்

கீரையாக உண்ணப்படும் தைவேளை இதன் உறவினமே. அதன் பூ வெண்மையானது, மகரந்தத்தாள்கள் ஆறு. நாய்வேளையில் ஆறுக்கும் மேற்பட்ட மகரந்தத்தாள்கள் உள்ளன.

பிரமதண்டும் மஞ்சள் பூவும் கடுகு போன்ற விதையும் உடையது, ஆனால் நஞ்சுள்ளது. பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் 1998 இல் தில்லியில் நீர்க்கோவை நோய் பரவிப் பலர் இறந்தனர். முள்ளுள்ள இலை, ஒடித்தால் வடியும் மஞ்சள் பால் ஆகியவற்றால் பிரமதண்டை அறியலாம்; நாய்வேளையில் இவை இரண்டும் இல்லை. விதையை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், செடியைப் பார்த்து இனங்காண்பதே பாதுகாப்பானது.

நாய்வேளை இலையை அரைத்துத் தோலில் பூசினால் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகலாம். காதுவலிக்கு இலைச்சாறு விடும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. செவிப்பறையில் துளை இருப்பின் சாறு நடுச்செவியை அடையும் என்பதால் இதனைத் தவிர்த்தல் வேண்டும்.