அடிக்கடி வயிறு அப்செட் ஆகுற உங்க நாய்க்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம்?

ராத்திரி ரெண்டு மணி. நல்ல தூக்கம். திடீர்னு கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு குமட்டல் சத்தம். நாய் வளர்க்கிறவங்களுக்கு அது என்ன சத்தம்னு சொல்லவே வேண்டாம். லைட் போடுறதுக்குள்ள தரையில மஞ்சள் நுரையோட வாந்தி. காலையில வாக்கிங் போனா லூஸ் மோஷன். உடனே நாம என்ன பண்ணுவோம்? 'இந்த பிராண்டு ஒத்துக்கலை போல'ன்னு போனை எடுத்து, வேற ஒரு பாக்கெட் ஆர்டர் போடுவோம்.

எங்க வீட்டு மணிக்கும் இதேதான். தெருவுல இருந்து தூக்கிட்டு வந்த நாட்டு நாய். ரெண்டே மாசத்துல நாலு பிராண்டு மாத்தினேன். ஒவ்வொண்ணும் முந்தினதைவிட விலை அதிகம். பேதி மட்டும் நின்னபாடில்லை. கடைசியில கால்நடை மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாக்கெட் சாப்பாட்டைத் தவிர, அவன் வாய்க்குள்ள வேற என்னல்லாம் போகுது?"

வீட்டுக்கு வந்து கணக்கெடுத்தேன். காலையில அம்மா ஊத்துற அரை டம்ளர் பால். சாயங்காலம் அப்பா டீயில நனைச்சுத் தர்ற பிஸ்கட். பாட்டி தட்டுல மிச்சம் வைக்கிற சாம்பார் சாதம். ஞாயித்துக்கிழமை மட்டன் எலும்பு. நான் பாக்கெட்டை மட்டும் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன்!

அதனால, புது சாப்பாடு தேடுறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிச்சிடுங்க.

முதல்ல, இது சாப்பாட்டுப் பிரச்னைதானா?

எல்லா வாந்தி, பேதிக்கும் சாப்பாடு காரணம் இல்லை. குடற்புழு, ஜியார்டியா மாதிரியான ஒட்டுண்ணிகள், கல்லீரல், கணையப் பிரச்னைகள்னு பல காரணங்கள் இருக்கலாம். மலப் பரிசோதனை பண்ணாலே இதுல சிலது தெரிஞ்சிடும். புழு மருந்து கடைசியா எப்போ கொடுத்தீங்கன்னு ஞாபகம் இல்லையா? அதுல இருந்து ஆரம்பிங்க.

தடுப்பூசி முழுசா போடாத குட்டிக்கு வாந்தியும் பேதியும் வந்தா, ஒரு நாள்கூட 'பார்க்கலாம்'னு விடாதீங்க. பார்வோ வைரஸா இருக்கலாம். பெரும்பாலும் ஆறு வாரத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் உள்ள குட்டிகளைத்தான் அது தாக்கும். சிகிச்சை தாமதமானா உயிரே போயிடும்.

பெரிய நாயா இருந்தாலும் மலத்துல ரத்தம், குடிச்ச தண்ணிகூட தங்காத வாந்தி, வயிறு உப்பல், ஒரு நாளுக்கு மேல எதுவும் சாப்பிடாம சுருண்டு படுத்திருக்கிறது... இதுல எது இருந்தாலும் உடனே கிளம்புங்க. ஈறைத் தொட்டுப் பாருங்க. வழக்கமா வழவழன்னு ஈரமா இருக்கும். காஞ்சு, விரல்ல ஒட்டுற மாதிரி இருந்தா உடம்புல தண்ணி குறையுதுன்னு அர்த்தம். நமக்கு வாங்கி வெச்ச மாத்திரையை உடைச்சுக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபெனும் நாய்க்கு ஆபத்து.

ஒரு வாரம் நோட் பண்ணுங்க

போன்ல ஒரு நோட்ஸ் ஓப்பன் பண்ணி, ஏழு நாளைக்கு நாய் சாப்பிட்டது எல்லாத்தையும் எழுதுங்க. வீட்டுல ஒவ்வொருத்தர் கொடுக்கிறதையும், வாட்ச்மேன் அண்ணா போடுற பொரையையும் சேர்த்து. கூடவே மோஷன் எப்படி இருந்துச்சுன்னும் எழுதுங்க. ஒரு போட்டோ எடுத்து வெச்சாலும் தப்பில்லை. கேட்க ஒரு மாதிரி இருக்கும். ஆனா, மருத்துவருக்கு நீங்க கொடுக்கக்கூடிய நல்ல தகவல் அதுதான்.

பால், சாதம், சிக்கன்... எது ஒத்துக்கும்?

முதல்ல பால். குட்டியா தாய்ப்பால் குடிக்கும்போது, பால்ல இருக்கிற லாக்டோஸைச் செரிக்கிற என்சைம் நிறைய சுரக்கும். வளர வளர அது குறைஞ்சிடும். செரிக்காத லாக்டோஸ் குடலுக்குள்ள தண்ணியை இழுக்கும், கேஸ் உண்டாக்கும். விளைவு, பேதி. தயிர்ல லாக்டோஸ் கொஞ்சம் குறைவு. அதனால சில நாய்களுக்கு ஒண்ணும் செய்யாது. எல்லா நாய்க்கும் அப்படின்னு சொல்ல முடியாது.

அடுத்து சாதம். 'நாய் ஓநாய் வம்சம், அரிசியே ஆகாது'ன்னு சிலர் சொல்வாங்க. 2013-ல 'நேச்சர்' இதழ்ல வந்த ஆய்வு வேற சொல்லுது. மனுஷனோட சேர்ந்து வாழ்ந்த காலத்துல, மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணுவோட நகல்கள் நாய்க்கு ஓநாயைவிட நிறைய ஆகியிருக்கு. குழைய வேக வெச்ச சாதம் பெரும்பாலான நாய்களுக்கு எளிதா செரிக்கும். வம்பு பண்றது அது மேல நாம ஊத்துற குழம்புதான்.

கொழுப்பு விஷயத்துல உஷாரா இருக்கணும். பிரியாணி மிச்சம், சிக்கன் தோல், பொரிச்ச அயிட்டம் எல்லாம் பேதியோட நிக்காம, கணைய அழற்சி வரைக்கும் கொண்டு போகலாம். அது வந்தா ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ற நிலைமைகூட வரும்.

சரி, அலர்ஜியா இருந்தா? நாய்களோட உணவு அலர்ஜி பத்தின ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல வெளியான கட்டுரையில, அதிகம் சிக்கின நாலு பேர் மாட்டிறைச்சி, பால் பொருள்கள், சிக்கன், கோதுமை. அதாவது, நாம 'பத்தியச் சாப்பாடு'ன்னு நினைக்கிற சிக்கனே சில நாய்களுக்கு வில்லன். அரிப்பு, அடிக்கடி வர்ற காது இன்ஃபெக்‌ஷன், கூடவே பேதின்னு இருந்தா மருத்துவர்கிட்ட சொல்லுங்க. இதுவரைக்கும் சாப்பிடாத ஒரு புரதத்தையோ, ஹைட்ரோலைஸ்டு புரதம் இருக்கிற உணவையோ மட்டும் சில வாரங்களுக்குக் கொடுக்கச் சொல்வாங்க. ஹைட்ரோலைஸ்டுன்னா, அலர்ஜி தூண்டாத அளவுக்குப் புரதத்தைப் பொடிப்பொடியா உடைச்சது. அந்த நாள்கள்ல ஒரு துண்டு பிஸ்கட் போனாலும் டெஸ்ட் கெட்டுடும். வீட்டுல எல்லாரும் ஒத்துழைக்கணும்.

பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க

முன்பக்கம் விளம்பரம். விஷயம் பின்பக்கத்துலதான் இருக்கு.

* 'முழுமையான, சமச்சீரான உணவு'ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. அது இல்லாம 'துணை உணவு'ன்னு இருந்தா, அதை மட்டும் தினமும் கொடுக்க முடியாது.
* எந்த வயசுக்குன்னு பாருங்க. குட்டிக்கானது, வளர்ந்த நாய்க்கானதுன்னு தனித்தனியா இருக்கும். லேப்ரடார் மாதிரி பெரிய இனக் குட்டிகளுக்கு, அதுக்குன்னே தயாரிச்சது வேணும். கால்சியம் கூடினாலும் அவங்க எலும்பு வளர்ச்சிக்குப் பிரச்னை.
* சேர்மானங்களை எடை அதிகமானதுல இருந்து வரிசையா எழுதுவாங்க. பச்சை இறைச்சியில முக்கால்வாசிக்குக் கிட்ட தண்ணிதான். அதனால முதல் இடத்துல 'சிக்கன்'னு இருக்கிறதைப் பார்த்து மட்டும் அசந்துடாதீங்க.
* வயிறு சென்சிட்டிவான நாய்க்கு லிஸ்ட் சின்னதா இருக்கிறது நல்லது. ஒண்ணு அல்லது ரெண்டு புரதம், அளவான கொழுப்புன்னு இருந்தா, ஒத்துக்காதது எதுன்னு கண்டுபிடிக்கிறது ஈஸி.
* 'தானியம் இல்லாதது'ன்னு போட்டாலே உசத்தின்னு நினைக்காதீங்க. பட்டாணி, பருப்பு வகைகள் அதிகமா சேர்த்த இந்த மாதிரி உணவுகளுக்கும் ஒரு வகை இதய நோய்க்கும் தொடர்பு இருக்கான்னு, அமெரிக்காவோட எஃப்.டி.ஏ 2018-ல விசாரணையே ஆரம்பிச்சது. காரணம் இதுதான்னு உறுதியாகலை. ஆனா, தானியம் ஒத்துக்காதுன்னு தெரியாமலே அதைத் தவிர்க்க வேண்டியதில்லை.

வீட்டுச் சாப்பாடே கொடுத்தா?

வயிறு லேசா அப்செட்டா, நாய் சுறுசுறுப்பாவும் இருக்கா? ரெண்டு மூணு நாளைக்கு இது போதும். தோல், எலும்பு எடுத்த சிக்கனை உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் போடாம வேக வைங்க. ஒரு பங்கு சிக்கனுக்கு ரெண்டு பங்கு குழைஞ்ச சாதம். கூட ஒரு ஸ்பூன் வேக வெச்ச மஞ்சள் பூசணி. ஒரே நேரத்துல நிறைய வைக்காம, நாலு வேளையா பிரிச்சு வைங்க. சிக்கன் ஒத்துக்காதுன்னா வேக வெச்ச முட்டை.

இதையே மாசக்கணக்குல கொடுத்தா என்ன ஆகும்? சிக்கன் சாதத்துல கால்சியம் ரொம்பக் குறைவு. சில வைட்டமின்களும் தாதுக்களும் போதாது. நாய் விரும்பிச் சாப்பிடும், பார்க்க நல்லாவும் இருக்கும், உள்ளுக்குள்ள எலும்பு பலவீனமாகிட்டே இருக்கும். வளர்ற குட்டிக்கு இது பெரிய ரிஸ்க். தினமும் வீட்டுல சமைச்சுத்தான் போடுவேன்னா, தப்பே இல்லை. மருத்துவர்கிட்ட அளவும் சப்ளிமென்ட்டும் கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சுகர் ஃப்ரீ அயிட்டங்கள்ல இருக்கிற சைலிட்டால்... இதெல்லாம் எந்த நாய்க்கும் கூடாது. வேக வெச்ச எலும்பும் வேண்டாம். அது கூர்மையா உடைஞ்சு குடலைக் கிழிச்சிடலாம்.

மாத்துறதா இருந்தா, மெதுவா!

நான் பண்ணின பெரிய தப்பு இதுதான். பழைய பாக்கெட் தீர்ந்த அன்னிக்கே புதுசை முழுக் கிண்ணம் வெச்சேன். நல்ல சாப்பாடா இருந்தாலும் குடல்ல இருக்கிற நுண்ணுயிர்கள் அதுக்குப் பழக நாள் வேணும். முதல் ரெண்டு மூணு நாள் கால் பங்கு புதுசு, முக்கால் பங்கு பழசு. அடுத்த ரெண்டு மூணு நாள் பாதிக்குப் பாதி. அப்புறம் முக்கால் பங்கு புதுசு. 7 முதல் 10 நாள்ல முழுசா மாறினா போதும். நடுவுல மோஷன் இளகினா, முந்தின அளவுக்குப் போய் ரெண்டு நாள் நில்லுங்க.

ட்ரீட் எல்லாம் சேர்த்து ஒரு நாள் கலோரியில பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பாக்கெட்டைப் பிரிச்சதும் காத்து போகாத மாதிரி மூடி, வெயில் படாத இடத்துல வைங்க. நம்ம ஊர் சூட்டுல கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடிச்சிடும். அதனால ஒரு மாசத்துல தீர்ற சைஸை வாங்குறது புத்திசாலித்தனம்.

மணிக்கு என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? நாலு பிராண்டுல விலை குறைவான முதல் பிராண்டுக்கே திரும்பிட்டோம். பாலும் பிஸ்கட்டும் நின்ன ரெண்டாவது வாரத்துல மோஷன் சரியாச்சு. கஷ்டப்பட்டது என்னவோ பாட்டிதான். 'வாயில்லா ஜீவன் பார்த்துக்கிட்டே இருக்கே'ன்னு மூணு நாள் என்கூடப் பேசலை. இப்போ அவங்க கையில தினமும் ரெண்டு துண்டு வேக வெச்ச பூசணி கொடுத்திருக்கோம். மணி அதுக்கே வாலை ஆட்டிக்கிட்டு அவங்க பின்னாடி சுத்துறான். ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுல எல்லாரும் தூங்குறோம்.