தும்பா வானத்தில் இரண்டு கோடுகள்

1963 நவம்பர் 21 மாலை. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாக் கடற்கரையிலிருந்து நைக்-அபாச்சி ராக்கெட் கிளம்பியது. அது உமிழ்ந்த சோடியம் ஆவி அந்தி வெளிச்சத்தில் ஒளிர, ஊரே அண்ணாந்து பார்த்தது. மகதலேனா மரியாள் தேவாலயம் ராக்கெட் நிலைய அலுவலகமான கதையும், சைக்கிளில் போன ராக்கெட் மூக்கும் எல்லோருக்கும் தெரிந்தவை. அந்த வானத்தில் இருந்த இரண்டு கணக்குக் கோடுகளைத்தான் யாரும் பேசுவதில்லை.

முதல் கோடு உயரம். காற்றுத்தடை இல்லையென்று வைத்துக்கொண்டு, நொடிக்கு 980 மீட்டர் வேகத்தில் ஒன்றை நேர்மேலே எறிந்தால்:

உயரம் = 980 × நேரம் − 4.9 × நேரம் × நேரம்

நேரம் இருமுறை பெருக்கப்படுவதால் இது பரவளையம். 4.9-க்கு முன்னால் கழித்தல் குறி. ஆகவே கவிழ்த்த கிண்ணம். நேரத்தைப் பொதுக் காரணியாக வெளியே எடுத்தால், உயரம் பூஜ்யமாவது 0-விலும் 200-வது நொடியிலும் என்று தெரிந்துவிடும். உச்சி நட்டநடுவே, 100-வது நொடியில்: 49 கிலோமீட்டர். ஒரு புள்ளிகூட வைக்கவில்லை, படம் வந்துவிட்டது.

பத்தாம் வகுப்பில் இதே வேலைக்கு எட்டு மதிப்பெண். பிள்ளைகள் −4 முதல் 4 வரை அட்டவணை நிரப்பி, புள்ளிகளைச் சேர்த்து, அளவுத்திட்டம் எழுதி முடிக்கிறார்கள். சமன்பாட்டின் முகத்தைப் பார்க்கச் சொல்வார் இல்லை. பார்த்தால் ஒரு வேடிக்கை அகப்படும்: முதல் பத்து நொடியில் ஏறியது 9,310 மீட்டர், உச்சிக்கு முந்தைய பத்து நொடியில் வெறும் 490. மாங்காய்க்கு எறிந்த கல் மேலே போய்ச் சற்றுத் தயங்குவதாகத் தோன்றுமே, அந்தத் தயக்கம்தான்.

அடுத்த கோடு காற்றழுத்தம். கடல்மட்டத்தில் 1013 மில்லிபார். அங்கிருந்து ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஏறத்தாழப் பாதியாகும். இங்கே உயரம் அடுக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதனால் கோடு முதலில் சரேலென விழுந்து, பிறகு தரையோடு தரையாகப் படுத்துவிடும். பரவளையத்துக்கு உள்ள உச்சி இதற்கு இல்லை. பூஜ்யத்தைத் தொடவும் தொடாது. 50 கிலோமீட்டரில் பத்து முறை பாதியாகி, ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சும்.

அந்த மிச்சம் சாமானியமில்லை. வானிலை பலூனைத் தாங்க அது போதாது. செயற்கைக்கோளைச் சுற்ற விடவும் விடாது, இழுத்துக் கீழே தள்ளிவிடும். இரண்டுக்கும் எட்டாத அந்த அடுக்கைத் தேடித்தான் தும்பாவிலிருந்து ரோகிணி-200 ராக்கெட் சுமார் 70 கிலோமீட்டர் வரை ஏறி, மெல்லிய செப்பு இழைகளைத் தூவுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்குக் காற்றுக்கும் அவற்றை அடித்துச்செல்லும் தெம்பு உண்டு. அவை போகும் போக்கைக் கீழிருந்து ரேடார் குறித்துக்கொள்கிறது.