கம்ப்யூட்டருக்குள் ஒளிந்த திருடன்!

தூத்துக்குடியில் இருந்து கடற்கரை ஓரமாகத் தெற்கே போனால், திருச்செந்தூரைத் தாண்டி கூடங்குளம் வரும். அங்குள்ள அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் 2019-ம் ஆண்டு வேவு பார்க்கும் வைரஸ் புகுந்துவிட்டது!

அக்டோபர் 29-ந் தேதி நிலையத்தார் மறுத்தார்கள். மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நல்ல வேளை! அது இன்டர்நெட்டோடு இணைந்த அலுவலகக் கம்ப்யூட்டர். உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனி, அதனால் தப்பின.

"டிட்ராக்" என்று நிபுணர்கள் அதற்குப் பெயர் சொன்னார்கள். நாம் தட்டும் எழுத்துக்களைச் சத்தம் இல்லாமல் குறித்துக்கொள்ளும் வைரஸ் அது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே பிழைச் செய்தி திரும்பத் திரும்ப வருகிறதா? எல்லாமே வைரஸ் அல்ல. ஆனாலும் சந்தேகம் வந்தால் உடனே இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வைரஸ் சோதனை நடத்துங்கள். பாஸ்வேர்டை வேறு கருவியில் இருந்து மாற்றுங்கள். "வைரஸ்! இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று திரை மிரட்டினால் செய்யாதீர்கள். எடுத்துப் பேசுகிறவனே திருடன்! பணம் பறிபோனால், தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள்.