ராஜாவின் மெட்டில் சியாமளா

சனிக்கிழமை காலை. மகள் வயலினில் 'சந்ததம் பாஹிமாம்' வாசித்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கி, "எழுந்து நிற்கணுமா?" என்றார்.

கேட்டதில் தப்பில்லை. நியூசிலாந்துக்குத் தேசிய கீதம் இரண்டு. ஒன்று இன்னமும் 'காட் சேவ் த கிங்'தான். அதுவும் நாங்கள் இருப்பது த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில். (மூன்று ராஜாக் குன்றுகளில், வெட்டியெடுத்தது போக நிமிர்ந்து நிற்பது பிக் கிங் ஒருவர்தான்.)

"இது சாமி பாட்டு" என்றேன். நம்பவில்லை.

முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) மணலியில் இருந்தபோது ஆங்கிலேயர் கோட்டை பேண்டுக்காரர்களின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் கட்டினார். 'நோட்'டுதான் நொட்டுஸ்வரம் ஆனது. கமகம் கிடையாது, சங்கராபரணத்தை இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். 'சந்ததம் பாஹிமாம்' அப்படி ஒன்று: ராஜாவைக் காக்கச் சொன்ன மெட்டு, என்னைக் காப்பாற்று என்று சியாமளா தேவியிடம் கேட்கிறது.

நான் கத்தோலிக்கப் பெண். சின்ன வயதில் சினிமா மெட்டில் கேரல் பாடியதற்கு எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே வாங்கு வாங்கென்று வாங்கினார். 'லோம் ஆர்மே' பற்றி அப்போது தெரிந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். ஆயுதக்காரனுக்குப் பயப்படணும், ஆளாளுக்கு இரும்புச் சட்டை மாட்டுங்கள் என்கிற 15-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாட்டு அது. அதன்மேல் துஃபாய், ஓக்கெகெம் என்ற இசையமைப்பாளர்கள் தொடங்கி 40-க்கும் மேற்பட்ட திருப்பலி இசைகள் எழுந்தன.

தீட்சிதர் மெட்டை அப்படியே விட்டு வார்த்தையை மாற்றினார். இந்தத் திருப்பலி இசைக்காரர்கள் மெட்டையே ஒளித்தார்கள். டெனர் குரலில் அதை வைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஜவ்வாக இழுத்து, சுற்றிலும் மற்றக் குரல்களை லத்தீனில் ஓடவிட்டார்கள். ஜோஸ்கன் இன்னும் கில்லாடி. 1502-ல் வெனிஸில் அச்சான அவருடைய திருப்பலியில், இரக்க மன்றாட்டில் மெட்டு ச-வில் தொடங்கும். வானவர் கீதத்தில் ரி. நம்பிக்கை அறிக்கையில் க. இப்படியே த வரை ஏறும். கிட்டத்தட்ட நம் கிரகபேதம்தான்.

1562-ல் ட்ரெண்ட் பொதுச்சங்கம், கோயில் இசையில் ஆபாசம் கலக்கக்கூடாது என்றது. பாலஸ்த்ரீனா 1570-ல் தைரியமாக 'லோம் ஆர்மே' என்றே பெயரிட்டு ஒன்றை அச்சிட்டார். அதே மெட்டில் அவர் எழுதி 1582-ல் வந்த இன்னொன்றின் பெயர் வெறும் 'நான்காவது'. எங்கள் சாமியாருக்கு இந்த இரண்டாவது வழி பிடித்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை மகளிடம், "அதே பாட்டு, ஸ்வரத்துக்கு எட்டு அட்சரம் இழு பார்ப்போம்" என்றேன். வில் மெதுவாக ஊர்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவர் நிமிரவே இல்லை. களை பிடுங்கிக்கொண்டே இருந்தார்.