பந்திச் சத்தத்தோடு ஒரு தோடி

நாகஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது 1962-இல் வெளியான 'கொஞ்சும் சலங்கை' படப் பாட்டுதான். எஸ்.ஜானகியின் குரலோடு இழையும் அந்த நாகஸ்வரம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பழைய 78 சுற்று இசைத்தட்டிலோ ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். ஆனால் அவரும் அவருடைய குரு டி.என்.ராஜரத்தினம் பிள்ளையும் வாசித்தது நிமிடக் கணக்கில் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரிக் கோயில் ஊர்களின் சாமி புறப்பாடும், ராஜபாளையம் போன்ற வசதியான ஊர்களின் கல்யாணப் பந்தலும்தான் நாகஸ்வரம் நின்று நிதானமாக ராகத்தை விரித்த இடங்கள். கலைக்கு அங்கே அத்தனை மதிப்பு: தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர், ராஜபாளையத்துக்காரரான முன்னாள் முதல்வர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. அப்படிப்பட்ட வட்டாரத்தில் விடிய விடிய நடந்த வாசிப்புகளைத் தேடி எந்த இசைத்தட்டு கம்பெனியும் வரவில்லை. ஸ்பூல் ரிக்கார்டர் வைத்திருந்த ரசிகர்கள்தான் பிடித்துவைத்தார்கள்.

அந்த ஸ்பூல்கள் கேசட்டாகி, கேசட்டுகள் கைமாறி, இன்று ஒரு பழைய புகைப்படத்தை மட்டும் திரையில் நிறுத்திய யூடியூப் தொகுப்புகளாக உலவுகின்றன. யாரும் அனுமதி கொடுத்து வந்தவை அல்ல இவை. ஆனாலும் நாகஸ்வரத்தின் உண்மையான ஆவணக்காப்பகம் இந்தத் தொகுப்புகள்தான் என்பது என் முடிவு. தோடி ராகம் உச்சத்துக்கு ஏறும்போது நாடா தீர்ந்துபோகும். மாற்றிப் போடுவதற்குள் ஒரு பிடி காணாமல் போயிருக்கும். நடுவே பந்திக்குக் கூப்பிடும் குரல், குழந்தை அழுகை, நாகஸ்வரத்தின் வாயில் பொருத்தும் சீவாளியை நனைத்து ஊதிப் பார்க்கும் கீச்சொலி. ஸ்டூடியோவில் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது: ஊர் கேட்டுக்கொண்டிருக்கும்போது கலைஞர் எப்படி வாசித்தார் என்பது.

இது திருட்டு இல்லையா என்று கேட்பவர்களை ஒதுக்கிவிட முடியாது. நம் பதிப்புரிமைச் சட்டப்படி நிகழ்த்துபவரின் உரிமை, நிகழ்ச்சி நடந்த ஆண்டு முடிந்து 50 ஆண்டு வரை நிற்கும். வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு. அருணாசலம் 1964-இல் காலமானார். அவர் வாசித்ததற்கு முதல் கெடு தாண்டிவிட்டது. பின்னாளில் நடந்து இன்னும் அந்தக் கெடு தாண்டாத கச்சேரிகள் வேறு விஷயம். அவற்றுக்கு அனுமதி கேட்டே ஆகவேண்டும். விளம்பரக் காசு வருமானால் கலைஞரின் வாரிசுகளுக்குப் பங்கு போவதுதான் முறை. ஆனால் இதற்காகத் தொகுப்புகளையே அழிக்கச் சொன்னால், மிஞ்சுவது மூன்று நிமிடத் தட்டுகள் மட்டுமே.

வேறு உலகத்திலும் இதே கதை உண்டு. 1987-இல் வாஷிங்டனில் தொடங்கிய ஃபுகாஸி என்ற பங்க் ராக் குழு, தன் ஒலிப் பொறியாளர்கள் பிடித்த நூற்றுக்கணக்கான கச்சேரிகளை 2011 முதல் தானே இணையத்தில் திறந்துவிட்டது. ரசிகர்கள் எடுத்த வீடியோக்களைக் கோத்து 2023-இல் ஒரு படமும் வந்தது. அங்கே குழுவே முன்வந்தது, ஊரும் தேதியும் போட்டு வரிசைப்படுத்தியது. நம் தொகுப்புகளில் இல்லாதது அந்த ஒழுங்குதான்.

என் பெரிய குறை இதில்தான். நாகஸ்வரக்காரர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். தவில் யார், இரண்டாம் நாகஸ்வரம் யார் என்று ஒரு வரி இருக்காது. மேளம் என்பது ஒருவர் வித்தை அல்ல; தவில்காரர் கொடுக்கும் காலப்பிரமாணத்தின் மேல்தான் பல்லவியே நிற்கிறது. போதாக்குறைக்கு, 'சிறந்த பகுதிகள்' என்று தொகுப்பவர்கள் முதலில் வெட்டுவது தவில் தனியைத்தான். கரகரப்பை நீக்குகிறேன் என்று தாளத்தின் ஓசையையும் சேர்த்து வழித்தெடுத்த பதிவுகளும் உண்டு. மூலப் பதிவை முழுதாக வைத்துவிட்டு, சுத்தம் செய்ததைத் தனியாகப் போடுவது அப்படியொன்றும் பெரிய வேலை அல்ல.

பரணில் கிடக்கும் ஸ்பூலில் காந்தப் பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது. அதை ஓட்டும் கருவியும் அரிதாகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் பழைய கல்யாண ஒலிநாடா வைத்திருக்கும் குடும்பங்கள் இப்போதே அதைக் கணினியில் ஏற்றவேண்டும். ஏற்றும்போது வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, தவில் வாசித்தது யாரென்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.